மஞ்சள் பையும் மான்குனியனும்

கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை போட்டுக் கொடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு மஞ்சள் பை. அதில் ஒரு ஒட்டுத் துணி வேறு. அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் பிரான்ஸ் முழுக்கச் சுற்றுகிறார்கள். ஒருவர் குள்ளம், பெரிய மீசை. இன்னொருவர் குண்டு. ஆனால் அவர் எதிரில் அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதீர்கள். நாலு பல் போய்விடும்.

யாரென்று சொல்லவேண்டியதில்லை. ஆஸ்ட்ரிக்ஸ், ஓபிலிக்ஸ்.

போன மாதம் பழைய புத்தகக் கடை ஒன்றில் 'ஆஸ்ட்ரிக்ஸ் அண்ட் தி பாங்க்வெட்' கிடைத்தது. கோசினி எழுதி உடெர்ஸோ வரைந்த வரிசையில் ஐந்தாவது ஆல்பம். பிரெஞ்சில் 1965-ல் வந்தது. காலேஜில் படித்தபோது ஒருமுறை இரவல் வாங்கிப் படித்து, ஓபிலிக்ஸ் ரோமானியர்களைப் பந்தாடும் பக்கங்களை மட்டும் ரசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தேன். இந்தத் தடவை நிதானமாகப் படித்தேன். சிரிப்பு பழையபடியே வந்தது. கூடவே ஒரு சின்ன வருத்தமும் வந்தது. அந்த வருத்தம்தான் இந்த வாரம்.

கதை சுருக்கமாக. அடங்காத அந்தக் கிராமத்தைச் சுற்றி ரோமானிய அதிகாரி ஒருவர் வேலி போட்டுவிடுகிறார். 'உள்ளேயே கிடங்கள், பார்க்கலாம்' என்கிறார். 'நாங்கள் நினைத்தால் நாடு பூராவும் சுற்றி, ஒவ்வொரு ஊர் ஸ்பெஷலையும் வாங்கி வந்து உனக்கே விருந்து வைப்போம்' என்று ஆஸ்ட்ரிக்ஸ் பந்தயம் கட்டுகிறார். அதற்குத்தான் அந்தப் பை.

லுட்டேசியாவில் பன்றித் தொடைக்கறி. கமராக்கத்தில் மிட்டாய். டூரோகார்ட்டோரத்தில் ஒயின். லுக்டூனத்தில் சாசேஜ். நிக்கேயில் சாலட். மஸ்ஸிலியாவில் மீன் குழம்பு. டொலோசாவில் மறுபடியும் சாசேஜ். அகினத்தில் ஆல்பக்கோடா. புர்டிகாலாவில் சிப்பி. திருநெல்வேலியில் அல்வா, மணப்பாறையில் முறுக்கு என்று நாம் ரயில் ஜன்னல் வழியாக வாங்குகிற மாதிரியேதான்.

இதெல்லாம் எந்த ஊர் என்று முழிக்கிறீர்களா? வரிசையாகச் சொல்கிறேன். பாரிஸ், காம்ப்ரே, ரீம்ஸ், லியோன், நீஸ், மார்செய், துலூஸ், அஜான், போர்தோ.

கோசினியின் குறும்பு இங்கேதான். செத்துப்போன ஊர்ப்பெயரை, இன்றைக்கும் சுடச்சுட விற்கிற பண்டத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார். ஊர் பெயர் லத்தீனில் இருக்கிறது, வாசனை இன்றைய ஹோட்டலிலிருந்து வருகிறது. நம்மூர் நட்சத்திர ஹோட்டல் மெனு கார்டிலேயே 'சாலட் நிஸ்வாஸ்' என்று இருக்கும். 'நிஸ்வாஸ்' வேறொன்றும் இல்லை. நீஸ் ஊர் சாலட். 'லியோனேஸ்' என்றால் லியோன்காரர் பாணி. ஊர்ப்பெயரிலிருந்து பிறக்கும் இந்த அடைமொழிகளைத்தான் நாம் தட்டில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, பில்லுக்கும் பணம் கொடுக்கிறோம்.

நான் பி.காம். என் லத்தீன் ஞானமெல்லாம் பெர் ஆனம், ப்ரோ ரேட்டா, அட் வாலோரம் என்ற மூன்றோடு சரி. ஆகவே அடுத்து நான் செய்வதை ஆடிட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆட்சேபணை, சும்மா ஒரு பென்சில் குறிப்பு. ஆஸ்ட்ரிக்ஸ் கதைகள் நடப்பது கி.மு. 50-ல். லுக்டூனம் என்கிற ரோமானிய நகரம் நிறுவப்பட்டது கி.மு. 43-ல். ஏழு வருஷம் முன்னாடியே போய் சாசேஜ் வாங்கியிருக்கிறார்கள். போகட்டும், காமிக்ஸ்தானே, மன்னித்துவிடலாம்.

இரண்டாவது கொஞ்சம் பெரியது. இந்தப் பெயர்களைப் படிக்கிற யாருக்கும், ரோம்காரன் வந்து வைத்த பெயர்கள் என்றுதான் தோன்றும். கடைசியில் 'உம்' வருகிறது, 'உஸ்' வருகிறது, வேறென்ன? ஆனால் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருப்பது உள்ளூர் ஆள். லுக்டூனம் என்பதில் 'டூன்' என்றால் கால் மொழியில் கோட்டை. லுக் என்ற அவர்களுடைய தெய்வத்தின் கோட்டை. இன்றைய ஆமியான் நகரின் பழைய பெயர் சாமரோப்ரிவா. சாமரா ஆற்றுப் பாலம் என்று அர்த்தம். ரென் நகரின் பழைய பெயர் கொண்டாட்டே. நம்ம கொண்டாட்டம் இல்லை. ஆறுகள் கலக்கிற இடம். பவானியில் கூடுதுறை என்கிறோமே, அதே அர்த்தம்தான். ரோம்காரன் செய்ததெல்லாம் வால் ஒட்டியதுதான். மஸ்ஸிலியாவும் நிக்கேயும் அவனுக்கு முன்பே கிரேக்கர்கள் வைத்த பெயர்கள்.

மூன்றாவதுதான் என் நிஜமான வருத்தம்.

ஆஸ்ட்ரிக்ஸ் காமிக்ஸ் முழுக்க முழுக்க ஒரு ஆறுதல் கதை. நிஜத்தில் கால் இனத்தார் தோற்றுப் போனார்கள். கி.மு. 52-ல் அலேசியாவில் சீசரிடம் சரண்டர். ஒரே ஒரு கிராமம் மட்டும் தோற்கவில்லை என்று கற்பனை செய்து, இருபதாம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர்கள் சிரித்துக்கொண்டார்கள். சரி. ஆனால் அந்தத் தோற்ற கோஷ்டி உண்மையிலேயே ஜெயித்த இடம் ஒன்று இருக்கிறது. அது ஊர்ப்பெயர். ஊர் ஊராகப் போகிற இந்த ஆல்பம், அந்த வெற்றியை மட்டும் பையில் போடாமல் விட்டுவிட்டது.

என்ன வெற்றி? ஊரின் முழுப்பெயர் வெறும் லுட்டேசியா அல்ல. 'லுட்டேசியா பாரிசியோரும்'. பாரிசியர்களுடைய லுட்டேசியா. பாரிசியர் என்பது அங்கே வாழ்ந்த இனக்குழு. அதே மாதிரி ரெமியர்களுடைய டூரோகார்ட்டோரம், ஆம்பியானியருடைய சாமரோப்ரிவா, ரெடோனியருடைய கொண்டாட்டே. ரெக்கார்டில் ஊர்ப்பெயர் முன்னால், 'இன்னாருடைய' என்கிற சொல் வாலில்.

கி.பி. 3, 4-ஆம் நூற்றாண்டுகளில் என்ன ஆயிற்று தெரியுமா? தலை உதிர்ந்துவிட்டது. வால் நின்றுவிட்டது! பாரிசியர் இருந்த இடம் பாரிஸ். ரெமியர் இருந்த இடம் ரீம்ஸ். ஆம்பியானியர், ஆமியான். ரெடோனியர், ரென். துரோனியர் ஊர் தூர். லெமோவிக்கர் ஊர் லிமோஜ். ஒன்றிரண்டு இல்லை. வடக்கு, நடு பிரான்ஸ் முழுக்க இதே கதை. கல்லில் வெட்டி வைத்த பெயர்கள் போயே போச்சு. 'யாரு ஊருப்பா இது?' என்ற கேள்விக்கு வந்த பதில் நின்றுவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு அக்கவுண்டன்ஸி வகுப்புதான் ஞாபகம் வந்தது. கம்பெனி பெயர் என்பது லெட்ஜரில் எழுதுகிற தலைப்பு. அதை நாளைக்கே அடித்து மாற்றலாம். குட்வில் என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தொட்டுப் பார்க்க முடியாது, குடோனில் அடுக்க முடியாது, ஆனால் கம்பெனியை விற்கும்போது அதற்குத் தனியாக விலை உண்டு. ஊர்ப்பெயர் லெட்ஜர் தலைப்பு. 'இந்த ஊர்க்காரன்' என்கிற சொல் இருக்கிறதே, அது குட்வில்.

நம்பிக்கை வரவில்லையா? பிரான்ஸிலிருந்து அப்படியே மலையைத் தாண்டி ஸ்பெயினுக்கு வாருங்கள். அங்கே கதை தலைகீழ், நியாயம் அதேதான்.

கலதாயுத் என்று ஒரு ஊர். பெயரைக் கேட்டாலே தெரிகிறது, அரபி. 'அய்யூபின் கோட்டை'. ஆனால் அந்த ஊர்க்காரர் யாரையாவது என்னவென்று கூப்பிடுகிறார்கள்? 'பில்பிலித்தானோ'. பக்கத்தில் இடிந்து கிடக்கும் பில்பிலிஸ் என்கிற ரோமானிய ஊரின் பெயர் அது. மார்ஷியல் என்ற லத்தீன் கவிஞர் பிறந்த ஊர். ஊர் அரபியில் இருக்கிறது, ஊர்க்காரர் லத்தீனில் இருக்கிறார். இரண்டுக்கும் சண்டையே இல்லை. வெல்வா ஊர்க்காரர் 'ஒனுபென்சே', ஏனென்றால் ஊரின் பழைய பெயர் ஒனுபா. வெஸ்கா ஊர்க்காரர் 'ஒஸ்சென்சே', பழைய பெயர் ஒஸ்கா.

மாட்ரிட்டில் கொம்ப்ளுதென்சே பல்கலைக்கழகம் பிரபலம். கொம்ப்ளுதும் மாட்ரிட் இல்லை. அது பக்கத்தில் இருக்கும் அல்காலா ஊரின் லத்தீன் பெயர். 1499-ல் அங்கே ஆரம்பித்த பல்கலைக்கழகத்தை 1836-ல் மாட்ரிட்டுக்கு மாற்றினார்கள். கட்டிடம் மாறியது, ஊர் மாறியது. அடைமொழி மட்டும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிட்டது.

ஸ்பெயினில் சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று. ஃபிராங்கோ ஆட்சியில் ஹோசே சோலிஸ் என்று ஒரு மந்திரி. கப்ரா என்ற ஊர்க்காரர். 'லத்தீனைக் குறையுங்கள், விளையாட்டைக் கூட்டுங்கள். இந்த லத்தீனால் என்ன பிரயோஜனம்?' என்ற ரீதியில் பேசினாராம். ஒரு பேராசிரியர் எழுந்தார். 'உங்களுக்கே ஒரு பிரயோஜனம் இருக்கிறது. கப்ரா ஊர்க்காரராகிய உங்களை எகப்ரென்சே என்கிறோமே, வேறு மாதிரிச் சொல்லாமல்? லத்தீன் புண்ணியம்தான்' என்றாராம். விஷயம் என்னவென்றால், கப்ரா என்றால் ஸ்பானிஷில் ஆடு. அந்தச் சொல்லிலிருந்து நேரடியாக ஆளைக் குறிக்கப் போனால் கிடாய் என்று அர்த்தம் வரும், கெட்ட வசவாகவும் ஆகிவிடும். பழைய லத்தீன் பெயர் இகாப்ரும். அதுதான் மந்திரியின் மானத்தைக் காப்பாற்றியது.

இதுவரை படித்துவிட்டு, 'ஆஹா, பழைய பெயர்தான் நிஜப் பெயர், லத்தீனில் இருந்தால் அதுவே சத்தியம்' என்று யாராவது கொடி பிடிக்கக் கிளம்பினால், கொஞ்சம் பொறுங்கள். இப்போது என் மானம் போன கதையைச் சொல்கிறேன்.

பத்திரிகையில் சேர்ந்த புதிது. ஸ்போர்ட்ஸ் பக்கத்துக்கு ஏஜென்சி செய்திகளைத் தமிழில் பெயர்க்கிற வேலை. மான்செஸ்டர் அணி கால்பந்தில் ஜெயித்த செய்தி. நடுவில் 'மான்குனியன்' என்று ஒரு சொல். ராத்திரி பதினோரு மணி. அகராதி பூட்டிய பீரோவில். நான் யோசிக்கவே இல்லை. 'மான்குனியன் என்ற வீரர் அபாரமாக ஆடினார்' என்று எழுதிவிட்டேன். பேப்பரில் வந்தும்விட்டது. மூன்றாம் நாள் ஒரு போஸ்ட் கார்டு. 'மான்குனியன் அடுத்த மேட்ச்சிலும் ஆடுவாரா?' என்று ஒரு வாசகர் அக்கறையாகக் கேட்டிருந்தார். நியூஸ் எடிட்டர் அதை என் மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மான்குனியன் என்றால் மான்செஸ்டர்க்காரன். அவ்வளவுதான். மான்குனியம் என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்தது. நான் செய்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல வருஷம் கழித்து ஒரு விஷயம் தெரிந்தபோது நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மான்குனியம் என்பதே ஒரு தப்பு!

அங்கே இருந்த ரோமானியக் கோட்டையின் பெயர் மாமுசியம். மார்பு போன்ற குன்று என்று பொருள்படும் உள்ளூர்ச் சொல்லிலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து. ரோமானியச் சாலைகளில் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எத்தனை மைல் என்று ஒரு பட்டியல் உண்டு. அதைக் கையால் பார்த்துப் பார்த்து எழுதிய காலத்தில் யாரோ ஒரு எழுத்தர் கண் அசந்ததில் மாமுசியம் மான்குனியம் ஆகிவிட்டது என்கிறார்கள் அறிஞர்கள். என்னைப் போல ராத்திரி ஷிப்ட்டோ என்னவோ. இன்றைக்கு அந்த நகரமே அந்த எழுத்துப்பிழையை நெஞ்சில் குத்திக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். ஸ்பெயினில் பதஹோஸ் ஊர்க்காரரை 'பாசென்சே' என்பார்கள். பாக்ஸ் ஜூலியா என்ற ரோமானிய நகரம்தான் தங்கள் ஊர் என்று அங்கே முன்பு நம்பினார்கள். ஆனால் பாக்ஸ் ஜூலியா பதஹோஸ் இல்லை. எல்லை தாண்டி, போர்ச்சுகலில் இருக்கிற பேஜா. பதஹோஸை 875-ல் இப்னு மர்வான் என்ற முஸ்லிம் தலைவர்தான் நிறுவினார். அட்ரஸ் மாறி வந்த பார்சல். திருப்பி அனுப்பினார்களா? ம்ஹூம். பதஹோஸ்காரரும் பாசென்சே, பேஜாக்காரரும் பாசென்சே. யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை.

இதிலிருந்து எனக்குப் புரிவது ஒன்றுதான். ஊர்க்காரரைக் குறிக்கும் சொல், அந்த ஊர் எவ்வளவு பழசு என்பதற்கான பட்டா இல்லை. அங்கே இருப்பவர்கள் தங்களை எப்படிக் கூப்பிட ஆசைப்படுகிறார்கள் என்பதற்கான சாட்சி, அவ்வளவே. 'எங்கள் பெயர்தான் பழசு, ஆகவே நாங்கள்தான் இந்த ஊருக்குச் சொந்தக்காரர்கள், நீ நேற்று வந்தவன்' என்று பழம்பெயரைத் தடியாகச் சுழற்றுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களை ஒருநாள் மான்செஸ்டருக்கு அனுப்பி வைக்கவேண்டும். அந்த ஊருக்குப் பிழைக்க வந்தவரின் பிள்ளையும் மான்குனியன்தான். பிழையில் பிறந்த பெயர் என்பதால் யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

'நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். உங்கள் வீட்டுக் கொல்லை வேலியிலேயே சம்பந்தம் படர்ந்திருக்கலாம். சளி பிடித்தால் முசுமுசுக்கை அடை சுட்டுக் கொடுப்பார்களே, அந்தக் கொடிக்கு 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர் 'குக்குமிஸ் மதெராஸ்பதானஸ்'. மதராஸபட்டினத்து வெள்ளரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வந்தவர்கள் 'இது வெள்ளரிக் குடும்பத்தில் தனி இனம்' என்று 'முகியா மதெராஸ்பதானா' ஆக்கினார்கள். லத்தீனில் முகியா பெண்பால், அதனால் வேட்டி மாறிப் புடவை. சமீப வருடங்களில் ஆராய்ந்தவர்கள் 'இல்லையில்லை, வெள்ளரி இனமேதான்' என்று பழையபடி குக்குமிஸில் சேர்த்தார்கள். மறுபடி வேட்டி. முதல் பெயர் இத்தனை தடவை மாறியும் மதராஸ் மட்டும் அசையவில்லை. நகரமே 1996-ல் சென்னை ஆகிவிட்டது. கொடிக்கு அந்த அரசாணை போய்ச் சேரவில்லை.

கவுதாரிக்குப் பின்பெயர் 'பாண்டிசேரியானஸ்'. சேற்று நண்டு ஒன்றுக்கு 'ட்ராங்குபாரிகா'. டேனிஷ்காரர்கள் வைத்திருந்த தரங்கம்பாடிதான் அது. நண்டு அறியாது, கவுதாரி அறியாது. ஆனால் உலகம் முழுக்க மியூசியம் லேபிள்களில் நம்மூர்க்காரர்களாகவே இருக்கின்றன.

சரி, மஞ்சள் பைக்கு வருவோம். ஆல்பத்தின் மீது குறை சொன்னேன். அதைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்ளவேண்டும். கடைசிப் பக்கத்தை மூடியபிறகுதான் ஒன்று உறைத்தது.

அந்தக் கிராமத்தைச் சுற்றி நாலு ரோமானிய முகாம். அக்வேரியம், லாடனம், டோட்டோரம், காம்பெண்டியம். நாலுக்கும் லத்தீன் பெயர், நாலும் கேலி. ஆஸ்ட்ரிக்ஸின் கிராமத்துக்கு என்ன பெயர்? யோசியுங்கள். முதல் ஆல்பத்திலிருந்து தேடினாலும் கிடைக்காது. பெயரே கிடையாது. அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் பெயர் உண்டு. கால் இனத்தார். வால் மட்டும் இருக்கிறது, தலை இல்லை. நான் தேடிய பாரிஸ் கதையை, ஒரு வார்த்தையும் சொல்லாமல் அந்த இரண்டு பேரும் இந்தக் கிராமத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். இந்த ஆல்பத்தின் முடிவில்கூட, 'உங்கள் ஊர் ஸ்பெஷல் எங்கே?' என்பதற்குப் பதிலாக ரோமானிய அதிகாரியின் தாடையில் ஒரு குத்து விழுகிறதே தவிர, ஊர்ப்பெயர் வெளியே வருவதில்லை.

ஏன் என்று பி.காம் படித்தவனுக்குப் புரியாமல் போகுமா? பெயர் இருந்தால்தானே பதிவேட்டில் ஏறும். பதிவேட்டில் ஏறினால்தானே வரி நோட்டீஸ் வரும்.